உபசாரத்துக்குச் சொன்னது

முஹம்மரா
ஜமாதுல் ஆகிர் 12, ஹிஜ்ரி 1368

மஹ்லகா,

பஸ் கிளம்பும்போது நீ மாடியிலிருந்து கையாட்டுவாய் என்று பார்த்தேன். உன் அப்பாதான் ஆட்டினார். தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்து, "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போகலாமே மாப்பிள்ளை, வீடே இருண்டு போயிரும்" என்றார். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நின்றுகொண்டு பெட்டியைத் தூக்கவா வைக்கவா என்று முழித்தேன். கடைசியில் டிரைவர் போட்ட சத்தத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் அரைத் தூக்கம். கஸேரூன் மலையில் பஸ் வளைகிற ஒவ்வொரு தடவையும் உன் தோள் என் தோளில் இடிப்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு கோதுமை மூட்டை. வீட்டுக்கு வந்து சேர்ந்தும் அந்த மயக்கம் போகவில்லை. காரூன் ஆறு ஜன்னலுக்குக் கீழே நகருகிறதா, வீடுதான் நகருகிறதா என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஏன் என்னோடு வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தப்பு என்று நீயே விரலை வைத்துக் காட்டு.

ஷேக் மிஸ்பானும் அவர் தம்பிமாரும், அவர் மகன் ஃபாலிஹுக்கு உன் தங்கை கௌஹரைக் கேட்டு ஷீராஸ் வரைக்கும் வந்தார்கள். காப்பி போட்டது நீ. ஊற்றியது நான். வந்தவர்கள் யாரும் குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எங்கள் அரபு ஆட்கள் ஒன்றைக் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால் அப்படித்தான். கேட்டது கிடைத்தால்தான் கோப்பை உதட்டுக்குப் போகும். உன் அப்பா கோப்பைகளைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன மாப்பிள்ளை, காப்பி வாய்க்கு விளங்கலையா? சொல்லுங்க அவங்ககிட்ட. இந்த வீடு அவங்களோடது. நாங்க அவங்க கால்தூசி. எங்க பொண்ணு அவங்க வீட்டு வேலைக்காரி. என் தலைமேல ஆணை, குடிக்கச் சொல்லுங்க!" என்றார்.

சொன்னேன். அவர் பாரசீகத்தில் சொன்னதை அப்படியே அரபியில்; ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர்கள் எழுந்து உன் அப்பாவைக் கட்டிக்கொண்டார்கள், குடித்தார்கள். ஷேக் தன் விரல் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போட்டார். அதையும் உன் அப்பா "இதெல்லாம் எதுக்கு" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. துபாஷியாக என் வேலையை நான் செய்தேன். ஷஃபான் பிறை பதினைந்தில் நிக்காஹ் என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

நீ எப்போது வருகிறாய்?

ஜாசிப்


ஷீராஸ்
ஃபர்வர்தீன் 30, 1328 (ஈரான் கணக்கு)

ஜாசிப்,

"உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாதிருக்கட்டும்" என்று நான் ஆரம்பிக்காததைக் கவனித்திருப்பீர்கள். இந்தத் தடவை அந்த மாதிரி வரிகளெல்லாம் கிடையாது. அந்த வரிகள்தான் எங்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டன.

தப்பு எங்கே என்று விரல் வைக்கச் சொன்னீர்கள். வைக்கிறேன். நீங்கள் சொல்லை எடுத்துக்கொண்டு போனீர்கள், அர்த்தத்தை எங்கள் கம்பளத்திலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். ஒரு ஷீராஸ்காரர் வீட்டுக்கு வந்தவரிடம் "வீடு உங்களுடையது" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? வீட்டுப் பத்திரத்தையா கேட்பீர்கள்? பெண் கேட்டு வந்தவரிடம் "உங்க வேலைக்காரி" என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு மாதம் யோசித்து, நாலு பேரை விசாரித்து, பெண்ணையும் கேட்டுவிட்டுத்தானே நாங்கள் உண்டு இல்லை என்போம். இது உங்களுக்குத் தெரியாதா? கோப்பை தரையில் இருந்தால் என்ன பொருள் என்று அப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான்.

தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குவைத் வியாபாரி ஒருவர் எங்கள் ரோஜாப் பன்னீர் வாங்க வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நமக்குக் கல்யாணம் ஆகாத காலம். சுவர்க் கடிகாரம் அழகாக இருக்கிறது என்றார். அப்பா "உங்களுக்கே, எடுத்துக்கோங்க" என்றார். நீங்கள் அப்படியே அரபியில் சொன்னீர்கள். மனுஷர் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்! திரைக்குப் பின்னால் அக்கா தங்கை இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குப் போனது கடிகாரம். இன்றைக்குப் போகிறது என் தங்கை. இப்போது சிரிப்பு வரவில்லை.

இங்கே நாரத்தைப் பூ பூத்து முற்றமெல்லாம் மணக்கிறது. அதன் கிறக்கத்தில் பகலிலேயே கண் செருகிவிடுகிறது. நேற்று அப்படித் தூங்கியபோது காரூன் ஆறு எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டதுபோல் கனவு. கௌஹர் கம்பளத்தின்மேல் உட்கார்ந்தபடியே மிதந்து வாசலைத் தாண்டிப் போகிறாள். அப்பா "கண்மேல அடி வச்சுப் போங்க, மறுபடி வாங்க" என்று தண்ணீரை உபசரித்துக்கொண்டு நிற்கிறார். எழுந்து வந்து பார்த்தால் நிஜமாகவே அப்பா முற்றத்தில் மரத்தடியில் நின்று, "பேச்சுக்குத்தானே சொன்னேன், பேச்சுக்குத்தானே சொன்னேன்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். "அதை ஷேக்குக்கு எழுதுங்களேன்" என்றால், "சேச்சே, விருந்தாளி மனசு நோகுமே" என்கிறார்.

கௌஹரைக் கேட்டேன். "உங்க இஷ்டம் அக்கா" என்றாள். சொல்லிவிட்டு அரிசி களைகிற தண்ணீரில் கண்ணீரை விடுகிறாள். அவள் மருத்துவச்சிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, இலையுதிர் காலத்தில் சேரச் சொல்லிப் பதில் வந்திருப்பது உங்களுக்கும் தெரியும்.

ஷேக்கிடம் போங்கள். கொடுத்தது வாக்கு இல்லை, உபசாரம் என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் நம் முஹம்மரா வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. இதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

மஹ்லகா


முஹம்மரா
ஜமாதுல் ஆகிர் 29

மஹ்லகா,

உன் கடிதத்தைப் படகுத்துறையில் வைத்துப் படித்தேன். பாரசீகத்தில் படித்து அரபியில் கோபப்பட்டேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர், "யாரு, வீட்லயா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று திரும்பிக்கொண்டார்.

கடிகார விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் பாதிதான் உனக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் பாடம் கற்றுக்கொண்டேன். உன் அப்பா வியாபாரிகளிடம் "எடுத்துக்கோங்க" என்றால், அரபியில் "கையில எடுத்துப் பாருங்க, பரவாயில்ல" என்று சொல்லப் பழகினேன். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே "இது கலப்படம்" என்றால், பாரசீகத்தில் "இதைவிட உசத்தியும் உங்ககிட்ட இருக்கும்னு தெரியும்" என்பேன். இரண்டு பக்கமும் என்னை மெச்சியது அதனால்தான். ஒரு பக்கத்தில் சர்க்கரையை அள்ளி எடுத்து, இன்னொரு பக்கத்தில் அள்ளிப் போட்டுவிடுவேன். என் பிழைப்பே அதுதான்.

அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன் செய்யவில்லை என்பாய். சொல்கிறேன். பேனா தயங்குகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அதே கூடத்தில், அதே கம்பளத்தில் நானும் ஒரு நாள் பெண் கேட்டு உட்கார்ந்தேன். எனக்குத் துபாஷி யாருமில்லை. என் முன்னால் இருந்த கோப்பையைத் தொடாமல் காத்திருந்தேன். உன் அப்பா சொன்னார்: "வீடு உங்களோடது. நாங்க உங்க கால்தூசி. பொண்ணு உங்க வேலைக்காரி. என் தலைமேல ஆணை, குடிங்க." சொல் மாறாமல் இதே வார்த்தைகள். நான் குடித்தேன். அன்றிலிருந்து அந்த வார்த்தைகளின்மேல்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறேன்.

ஷேக் வந்த அன்று உன் அப்பா வாயைத் திறந்தார், அதே வார்த்தைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு வேறு அர்த்தம் சொல்ல என் நாக்கு மறுத்துவிட்டது. அது வெறும் உபசாரம் என்று நான் ஷேக்கிடம் போய்ச் சொன்னால், எனக்குச் சொன்னதும் உபசாரம்தானே? அப்புறம் நான் யார்? கடிகாரத்தைச் சால்வையில் சுற்றி எடுத்துப் போன ஆளா?

இப்போதெல்லாம் ஒரே கனவுதான் வருகிறது. நடு ஆற்றில் படகில் இருக்கிறேன். இரண்டு கரையிலும் ஆட்கள் கையைக் கொட்டிக் கூப்பிடுகிறார்கள். வாய் அசைவது தெரிகிறது, என்ன மொழி என்று தெரியவில்லை. ஒரு கரையில் நீ இருக்கிறாய். நீ கூப்பிடுகிறாயா, போகச் சொல்கிறாயா?

ஷேக்கிடம் போவதைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

ஜாசிப்


ஷீராஸ்
உர்திபிஹிஷ்த் 15

ஜாசிப்,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். படித்தேன். மடித்தேன். மறுபடி பிரித்தேன். கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. அப்புறம் கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருட்டும்வரைக்கும் நாரத்தைப் பூ என் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. இப்போது எழுத மாட்டேன். கோபத்தினால் இல்லை. இப்போது எழுதினால், தங்கையை மீட்பதற்காக உங்களுக்கு நான் நீட்டுகிற லஞ்சம்போல ஆகிவிடும். நாளைக்கு நீங்களும் அதை நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன்.

இங்கே ஒரு அதிசயம் நடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். எல்லோரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா கௌஹரைப் பார்த்து, "அரபுப் பக்கம் பேரீச்சந்தோப்பு ரொம்ப குளுமையா இருக்குமாம்மா" என்று ஆரம்பித்தார். இவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆகா ஜான், எனக்கு வேண்டாம்" என்றாள் அப்பாவிடம்.

"என்ன வேண்டாம்? சோறா?"

"கல்யாணம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் வேண்டாம் என்ற சொல்லை இப்படி மொட்டையாகச் சொன்னதே கிடையாது. ஒரு வாய்த் தயிர் வேண்டாம் என்றாலும், "உங்க கை வலிக்குமே, போதும்" என்போம். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. கௌஹருக்கு முகமெல்லாம் சிவந்து வியர்த்துவிட்டது, ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. "ஃபாலிஹ் கெட்டவர்னு நான் சொல்லல. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. என்னை யாரும் கேக்கல" என்றாள்.

அப்புறம் அப்பா எழுந்து போய் ஷேக்கின் மோதிரத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீ எப்படியாவது மாப்பிள்ளைக்கு அனுப்பிரும்மா. எனக்குத் தெம்பு இல்ல" என்றார். பன்னீர் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஜாசிப், நீங்கள் மொழிபெயர்க்க இந்த வீட்டிலிருந்து முதல்தடவையாக ஒரு நேரான சொல் வந்திருக்கிறது. "வேண்டாம்." இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு போவீர்களா மாட்டீர்களா என்பது உங்கள் பொறுப்பு. ஷஃபான் நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மஹ்லகா


முஹம்மரா
ரஜப் 16

மஹ்லகா,

போனேன்.

மோதிரம் கைக்கு வந்த மறுநாள் காலை படகு பிடித்தேன். மூடுபனிபோல வெக்கை. தோப்புகள் தண்ணீருக்குமேல் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. துடுப்புப் போட்டவன் என்னவோ பாடிக்கொண்டே வந்தான், ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. என் தாய்மொழியே எனக்குப் பிடிபடவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஷேக்கின் நாணல் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். காப்பி வந்தது. வாங்கித் தரையில் வைத்தேன். எல்லோரும் கோப்பையையே பார்த்தார்கள். துபாஷி அடுத்தவனுக்காகப் பேசுகிறவன், அவனுக்கென்று என்ன கோரிக்கை இருந்துவிட முடியும்?

"ஏண்டா ஜாசிப், கோப்பை சுடுதா?" என்று ஷேக்கின் தம்பி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஷேக் சிரிக்கவில்லை.

"கேளு" என்றார்.

"கௌஹரை விட்டுக்கொடுங்க. அதைக் கேட்டுத்தான் வந்தேன்" என்றேன். மோதிரத்தைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஷேக்கின் முகம் மரக்கட்டைபோல் ஆகிவிட்டது. "நாங்க குடிச்சோம். நீதான் சொன்ன, கொடுத்தாச்சுன்னு" என்றார்.

"நான் சொன்னது அவர் வாயோட வார்த்தை. அவர் மனசோட வார்த்தை இல்ல. அந்த ஊர்ல வந்தவங்கள அப்படித்தான் குளிர வைப்பாங்க. பெத்த பொண்ணைக் கொடுக்கறதுன்னா அப்புறம்தான் யோசிப்பாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்களுக்குச் சொல்லல. அந்த வீட்டைக் குத்தம் சொல்லாதீங்க. என்னைச் சொல்லுங்க."

"அப்ப பொய்யா சொன்னாரு மனுஷன்?"

"பொய் இல்ல ஷேக். மரியாதை."

"மரியாதையா பொண்ணைக் கொடுக்கறேன்னு சொல்லுவானா ஒருத்தன்?" என்று ஒருவர் எழுந்தார். "நம்ம தாடியைப் பிடிச்சு இழுத்திருக்கானுங்க" என்று இன்னொருவர் கத்தினார். அப்போது ஃபாலிஹ், அதுவரை தூணோரம் தலையைக் குனிந்திருந்தவன், என்னைப் பார்த்துக் கேட்டான்: "அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

"வேண்டாம்னு சொல்றா."

"அவளே சொன்னாளா?"

"அவளே. இதுல நான் ஒண்ணும் கலக்கல."

அவன் எழுந்து நின்றான். அப்புறம் அவன் அப்பாவைப் பார்த்து, "வேண்டாங்கறவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? விட்டுருங்கப்பா" என்றான். நல்ல பிள்ளை, மஹ்லகா. கௌஹரிடம் இதைச் சொல்.

ஷேக் என் கோப்பையைக் காட்டினார். "குடி. கேட்டது கொடுத்தாச்சு." குடித்தேன். ஆறிப்போய் ஒரே கசப்பு. "ஆனா இனிமே எங்களுக்கு நீ பேச வேண்டாம். வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்றார். அது எதிர்பார்த்ததுதான். இந்தப் பக்கத்தில் ஷேக் கூப்பிடாத துபாஷியை வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்; வேறு பிழைப்புத் தேட வேண்டும். எழுந்து செருப்பை மாட்டப் போனேன். அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டார், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுபோல்:

"ஜாசிப், அப்ப உன் பொண்டாட்டிய உனக்குக் கொடுத்ததும் மரியாதைக்குத்தானா?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டு நான் பதிலை இங்கிருந்து அங்கே கொண்டுபோயிருக்கிறேன். இதற்கான பதில் உன்னிடம்தான் இருக்கிறது. சலாம் சொல்லிவிட்டுப் படகில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கை விடுதலை. இனி இதில் லஞ்சம் என்று ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியை உன்னிடம் அனுப்புகிறேன். எனக்கு நோகும் என்று பார்த்து எழுதாதே.

ஜாசிப்


ஷீராஸ்
குர்தாத் 1

ஜாசிப்,

கௌஹருக்கு உங்கள் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். தூணோரம் என்ற இடம் வந்ததும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் போய்ப் படுத்தவள் பகல் முழுக்க அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அவ்வளவு நாள் தூக்கம் பாக்கி. அப்பா உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். புகழ்ந்தார், ஆனால் அவர் புகழ்வதை நீங்கள் இனி எடை போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஷேக் கேட்டதற்குப் பதில்: ஆமாம். உங்களுக்குச் சொன்னதும் உபசாரத்துக்குத்தான்.

நீங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, வாசற்படி தடுக்கி வெளியே போனீர்களே, அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அப்பா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, அந்த அரபிப் பையன் நெஜம்னு நெனச்சுட்டான் போலிருக்கே. நாளைக்கு நாசூக்கா ஒரு கடுதாசி போட்டு, பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிருவோம்" என்றார். அம்மா மைக்கூட்டை எடுத்துவரப் போய்விட்டாள்.

நான் திரைக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்றென்று இன்றைக்கும் தெரியவில்லை. கனவில் நடக்கிற மாதிரி வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். "ஆகா ஜான், நீங்க பேச்சுக்குத்தான் சொன்னீங்க. ஆனா நான் போறேன். நெஜமாவே போறேன்" என்றேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடிதமும் போடவில்லை.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள், ஜாசிப். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். யார் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள், அதுவும் பழகிவிட்டது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒரே ஒரு ஆள், தன் காதில் விழுந்ததை அப்படியே நம்பி, இரண்டு கையாலும் அந்தக் கோப்பையை எடுத்தார். திரை இடுக்கு வழியாக நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். வாழ்ந்தால் இந்த ஆளோடுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். என்னை எங்கள் அப்பா உங்களுக்குக் கொடுக்கவில்லை. நானாக வந்தேன்.

பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்பாவின் பன்னீரை முஹம்மராவில் விற்க ஆள் வேண்டுமாம். வாயே திறக்காமல் செய்கிற வேலை என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இறங்கியதும், "எதுக்கு இவ்வளவு சிரமம், இன்னும் நாலு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே" என்று ஒப்புக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். உங்களோடு குடும்பம் நடத்தி நடத்தி, சொன்னதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

மஹ்லகா